சூளையில் கழுவிய படம்

புகைப்படத்துக்கு நெருப்பு எதிரி. மண் பாண்டமோ நெருப்பில்தான் பிறக்கிறது. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கூட்டிவைக்கும் கலைஞரைக் கண்டால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். ஸ்டூடியோக்களில் பிறந்தநாளுக்கு அச்சடித்துத் தரும் காபிக் கோப்பைகள் செய்த வேலை அது. அந்தப் படம் மெழுகுபோல் மேலே பூசிய பிளாஸ்டிக் பூச்சில் நிற்கிறது. அதற்கும் மண்ணுக்கும் உறவே இல்லை.

உண்மையான உறவு இரும்பில் இருக்கிறது. பல லேசர் அச்சுப்பொறிகளின் கறுப்பு மைத்தூளில் இரும்பு ஆக்ஸைடு உண்டு. படத்தை அந்த மையால் ஒட்டுத்தாளில் அச்சடித்து, நீரில் நனைத்து, ஏற்கெனவே கண்ணாடி மெருகு பூசிச் சுட்ட பாண்டத்தின் மேல் வழுக்கி ஒட்டி, மறுபடி ஆயிரம் டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றுகிறார்கள். மையிலிருக்கும் பிளாஸ்டிக் எரிந்துபோகும். இரும்பு மட்டும் மெருகுக்குள் இறங்கிக் காவி நிறத்தில் தங்கும். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப் என்னும் நீல நிறப் புகைப்படமும் இரும்பு உப்புகளால் ஆனதுதான். அதைச் சுட்டால் நீலம் போய்த் துருவின் பழுப்பு எஞ்சும். புதுச்சேரியை அடுத்த வில்லியனூரின் சுடுமண் சிவப்பதும் இதே இரும்பால்தான். படமும் பானையும் ஒரே சரக்கு.

புதுச்சேரிப் பக்கத்துக்குப் பானைமேல் அடையாளம் பதிப்பது புதிதுமல்ல. தவளக்குப்பத்திலிருந்து கடலூர் சாலையில் புதுச்சேரி நோக்கிப் போனால் அரியாங்குப்பம், அங்கே அரிக்கமேடு என்னும் பழைய துறைமுகம். 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோது தமிழ் பிராமியில் ஆட்பெயர் கீறிய ஓடுகளும் கிடைத்தன. பானைமேல் தன் அடையாளத்தை விட்டுவைக்கும் ஆசை அவ்வளவு பழையது. நம் காலத்தில், 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி, சவுக்குக் கட்டை எரித்துச் சுடும் ஸ்டோன்வேர் கலையை இங்கே வேரூன்றச் செய்தது. வில்லியனூர் முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய சுடுமண் உருவங்களுக்குப் படமே தேவையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிறகு படம் எதற்கு? ஒரே பார்வையில் முழுதாக அகப்படுவது புகைப்படத்தின் குணம். பானை அப்படியில்லை, கையில் எடுத்துத் திருப்பித் திருப்பித்தான் பார்க்க முடியும். ஆகவே வளைந்த வயிற்றில் சுற்றிப் போகும் படத்தை நாமும் சுற்றித்தான் தேட வேண்டியிருக்கிறது. மீன் வலையோ சவுக்குத் தோப்போ இப்படிச் சுற்றினால் அழகு. வலையின் கண்கள் விளிம்பருகே நெருங்கி, வயிற்றில் விரிகின்றன. கேமராவால் இதைச் செய்ய முடியாது.

முகங்களை மட்டும் தயவுசெய்து விட்டுவிடலாம். மெருகு சற்றே ஓடினாலும் கண் சரிந்துவிடும். முகத்தில் அந்தப் பிழையை நாம் மன்னிப்பதில்லை. கல்லறைகளில் பதித்த நீள்வட்டப் பீங்கான் முகங்கள் தப்பியதற்குக் காரணம், அவை ஏறக்குறையத் தட்டையானவை, சிறியவை, திறமையான கைகளில் கவனமாகச் சுட்டவை. அந்த நுட்பம் பிரான்சில் 1850களிலேயே வந்துவிட்டது.

வாங்கும்போது சாய்வான வெயிலில் பிடித்து, படத்தின் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். விளிம்பு தட்டினால் படம் இன்னும் மேலேதான் உட்கார்ந்திருக்கிறது, விலையைக் குறைத்துக் கேட்கலாம். தட்டாமல் வழுக்கிப் போனால் பேரம் பேசாதீர்கள்.