தூண்டிலைப் பிடித்த கை

சம்பள நாளில் லைன் வீட்டுத் திண்ணையில் சீட்டாடுகிறவர்களிடம் குறள் சொல்லித் திருத்தப் பார்க்கும் தோழர்களை மஞ்சூரில் பார்த்திருக்கிறேன். சொல்வது 94ஆம் அதிகாரம், சூது. அதன் முதல் குறளில் தூண்டில் இருக்கிறது, விழுங்குகிற மீனும் இருக்கிறது. தூண்டிலைப் பிடித்திருக்கும் கை? அது பிரதியில் இல்லை. 935இல் 'கை' என்ற சொல் வரத்தான் செய்கிறது. பரிமேலழகரும் அதை ஆடுவதற்கு வேண்டிய கைத்தொழில் என்றே கொள்கிறார். ஆனால் அது எல்லாம் இழந்து நிற்பவனின் கை. வென்றவன் கை என்ன செய்தது என்பதில் நம் அறநூல் மௌனம் சாதிக்கிறது. நளன் கதையிலும் இதேதான். இருதுபன்னன் நளனுக்குக் கவறாடலின் மறையைத் தருகிறான், அரசனிடமிருந்து அரசனுக்கு. நமக்கு வித்தையின் பெயர் கிடைக்கிறது, வித்தை கிடைப்பதில்லை.

இந்த மௌனத்துக்கு எதிராக வைத்து நான் வாசித்த பிரதி, 1902இல் சிகாகோவில் வெளிவந்த 'தி எக்ஸ்பர்ட் அட் தி கார்டு டேபிள்'. எழுதியவர் பெயர் எஸ். டபிள்யூ. எர்ட்னேஸ். புனைபெயர், ஆள் யாரென்று இன்றுவரை முடிவாகவில்லை. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று பார்த் 1967இல் அறிவிப்பதற்கு 65 வருஷம் முந்தியே இந்த ஆசிரியன் கம்பி நீட்டிவிட்டான்! முன்னுரையில் அறவுரை இல்லை. பணம் வேண்டும், அதனால் எழுதுகிறேன் என்கிறான். பிறகு விரல்கள், நூற்றுக்கு மேற்பட்ட படங்களோடு. சீட்டைக் கலைக்கிற மாதிரி கலைக்காமல் வைப்பது, வெட்டிய கட்டைப் பழையபடி சேர்ப்பது, அடிச்சீட்டு எடுப்பது.

ஏமாற்றுக்காரனின் கையேடு முற்போக்கு வாசகனுக்கு எதற்கு என்று நண்பரொருவர் கோபித்துக்கொண்டார். நான் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு ஒரு தென்மேற்குப் பருவம் முழுக்க அடிச்சீட்டு பழகினேன். மேல்சீட்டைத் தருவது போலக் கை அசையணும், வருவது அடியில் இருக்கிற சீட்டாக இருக்கணும். படத்தைப் பார்த்து விரலை வைப்பதற்குள் கட்டு சரிந்துவிடும். மஞ்சூர்க் குளிரில் எம்.ஏ. தமிழ் படித்த விரல் வேறு எப்படி இருக்கும்.

பக்கத்து லைன் பெரியவர், சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம், இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, கட்டைப் பாக்காதீங்க. நீங்க பாக்குற எடத்தைத்தான் எதிராளியும் பாப்பான்" என்றார். எர்ட்னேஸ் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது: பிடிபடுவது அப்புறம், சந்தேகம் வந்தாலே ஆட்டம் போச்சு. எங்கே கத்துக்கிட்டீங்க என்று கேட்டேன்.

"தராசுலதான்."

கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிவு போடுவது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கழிவைச் சத்தமாகச் சொல்வாங்களாம். கூடை இறக்கிய பெண்கள் அதற்கு மல்லுக்கு நிற்பார்கள், கண் சொல்கிறவன் வாயில் இருக்கும். முள் ஆடி நிற்பதற்குள் கை எழுதி முடித்திருக்கும்.

"எங்க வீட்டம்மா முப்பது வருசம் ஈரத்துக்குத்தான் சண்டை போட்டா. முள்ளைப் பாருடின்னு நானும் சொன்னதில்ல. எனக்கே சீட்டு வெளயாடுறப்பதான் வெளங்குச்சு."