கொல்லிப் பண்: இரு கரைகளின் நாவில்

கொல்லிமலை வல்வில் ஓரியின் மலை. அவனைப் பற்றி வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டில் முழா, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என்று ஒரு வாத்தியக் குழுவே வருகிறது. இவற்றுள் எல்லரி எப்படி ஒலித்தது என்று இன்று வாசித்துக் காட்ட ஆளில்லை. உரைகாரர் தரும் பொருளோடு நின்றுவிடுகிறோம். பாடுகிற வாயையும் வாசிக்கிற கையையும் விட்டுப் பிரிந்த இசைச்சொல்லுக்கு இதுதான் கதி.

மலையின் பெயரையே கொண்ட கொல்லிப் பண்ணுக்கு அந்தக் கதி வரவில்லை. திருவதிகையில் சூலைநோயால் துடித்த அப்பர் பாடிய முதல் பதிகமான ‘கூற்றாயினவாறு’ இந்தப் பண்ணில்தான் இருக்கிறது. சம்பந்தரின் ‘மண்ணின் நல்ல வண்ணம்’ பதிகமும் அப்படியே. பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்ற பகுப்பில் இது இராப்பண். ஓதுவார்கள் இன்று இதை நவரோஜ் இராகத்தில் பாடுகிறார்கள். மந்தர பஞ்சமத்தில் தொடங்கி மத்திய பஞ்சமத்தோடு நின்றுவிடும் இராகம் அது; மேல் ஷட்ஜத்தைத் தொடுவதே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறைவனை அழைக்கிறவனின் குரலுக்கு அந்தத் தாழ்ந்த எல்லை எவ்வளவு பொருத்தம்!

தமிழகத்தில் இந்தப் பண் மரபாக வந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் இராசராசன் நியமித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. பிற்காலத்தில் தருமபுரம் முதலிய மடங்கள் ஓதுவார்களை உருவாக்கின. தாளத்தோடு பாடினால் பண்ணாங்கம், தாளமின்றிப் பாடினால் சுத்தாங்கம் என்ற சொற்கள் அவர்களிடம் இன்றும் புழங்குகின்றன. மாணவன் அவற்றை அகராதியில் தேடுவதில்லை; ஆசிரியர் பாடிக் காட்டுகிறார், அவன் திருப்பிப் பாடுகிறான். ஆனால் சன்னிதியை விட்டுக் கச்சேரி மேடைக்கு வந்ததும் கொல்லி மறைந்து நவரோஜ் மட்டும் அறிவிக்கப்படுகிறது. அதையும் ஒருவர் நவரோஸ் என்கிறார், இன்னொருவர் நவரோசு என்கிறார். 1943இல் தோன்றிய சென்னைத் தமிழ் இசைச் சங்கம் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தி இணை இராகங்களை ஆராய்ந்தது பெரும்பணி. அந்த இணைப்பே பண்ணின் பெயரை அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டது என்பது என் வருத்தம்.

இலங்கையில் வழி வேறு. அங்கே சைவநெறி ஒரு பள்ளிப் பாடம். தேவாரம் வகுப்பறையிலேயே பிள்ளைகளின் வாய்க்கு வந்துவிடுகிறது. கோயில் பூசையில் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று பஞ்சபுராணம் ஓதும்போது, நியமிக்கப்பட்ட ஓதுவாருக்காகக் காத்திராமல் அடியார் ஒருவரே முன்வந்து பாடுவதைப் பரவலாகக் காணலாம். ‘தேவாரம் படிக்கிறது’ என்பார்கள். பாடுவதைப் படிப்பது என்று சொல்லும் வழக்கு நம் தென்மாவட்டங்களிலும் உண்டு.

உச்சரிப்பில் யாழ்ப்பாணத்தாரிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ‘கூற்று’ என்ற சொல்லை நம்மில் பலர் ‘கூட்ரு’ போல, ரகரம் கலந்து சொல்கிறோம். பேச்சிலோ காற்று காத்தாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் நுனிநாக்கு மேல்பல் ஈற்றை அழுத்திப் பிடித்து ற்ற-வைத் தனி ஒலியாகவே விடுகிறது. பதிகத்தின் முதல் சொல்லிலேயே அந்த அழுத்தம் விழுவதால் பாட்டின் நடை மாறிக் கேட்கிறது. ழகரத்தில் அவர்களுக்கும் இடறல்தான். ஊர்ப் பெயரே பேச்சில் ‘யாப்பாணம்’ ஆகிவிடுகிறது. லகரத்திலோ இரு கரையாருக்கும் கவனம் வேண்டும். நாக்கு சற்று மடிந்தால் கொல்லி, சிதைக்கு வைக்கும் கொள்ளி ஆகிவிடும்.

இலங்கையின் குறை, மடத்துப் பாடசாலைகளைப் போன்ற ஓதுவார் பரம்பரை அங்கே வேரூன்றாதது. ஆனால் பண்ணை ஆராய்ந்த பெருமனம் அங்கிருந்துதான் வந்தது. மட்டக்களப்புப் பகுதியில் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு பெயர்களுக்கும் கணக்கிட்டுச் சுர நிலை காட்டினார். அவருடைய ‘யாழ் நூல்’ 1947இல் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அதில் தேவாரவியல் என்றே ஓர் இயல் உண்டு. ஈழத்து ஆய்வுக்குச் சோழநாட்டுக் கோயில் மேடையானது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். அந்தக் கொடுக்கல் வாங்கல் அவரோடு நின்றிருக்கக் கூடாது.

கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடியில் வல்வில் ஓரி விழாவை அரசு நடத்துகிறது. பாணரை வாழவைத்தவனின் விழா அது. அந்த மேடையில் தமிழக ஓதுவார் ஒருவரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருவரும் கூற்றாயினவாறு பதிகத்தை அடுத்தடுத்துப் பாடட்டும். பாடுமுன் ‘பண் கொல்லி’ என்று லகரம் பிசகாமல் அறிவிக்கட்டும். விழாவை நடத்துகிறவர்கள் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.