பொறியும் பகடையும்: விழுதல் குறித்துச் சில குறிப்புகள்

விளையாட்டு என்றாலே நம் விமர்சகர்களுக்கு ஓர் இளக்காரம். சினிமாப் பாட்டைக்கூடப் பிரதியாக வாசிக்கக் கற்றுக்கொண்டோம். பலகையும் பகடையும் மட்டும் இன்னும் சின்னப்பிள்ளைச் சமாச்சாரமாகவே கிடக்கின்றன. ஆனால் ஒரு சமூகம் விழுதலை எப்படி விளக்குகிறது, விழுந்தவனிடம் என்ன சொல்கிறது என்பதை அதன் விளையாட்டுகள் ஒளிவுமறைவில்லாமல் காட்டிவிடுகின்றன. இதை நான் யோசிக்கத் தொடங்கியது புன்னைக்காயலில், ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில், எங்கள் வீட்டுத் திண்ணையில்.

வெளியூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கொண்டுவந்திருந்தான். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டு. பலகை தேவையில்லை. நடத்துபவர் ஒருவர், பாதாள அறைகளின் வரைபடம் அவரிடம் மட்டும் இருக்கும். கண்ணில் படுவதை அவர் சொல்ல, தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று மற்றவர்கள் வாயால் சொல்ல வேண்டும். வழியெங்கும் பொறிகள்: மூடி போட்ட குழி, நச்சு ஊசி, மெல்ல இறங்கும் கூரை.

சங்கு குளித்துப் பழகிய என் அண்ணனும் வந்து உட்கார்ந்தார். "எதிர்ல நீளமா ஒரு நடை, கல்லுத் தளம்" என்றான் பையன்.

"தளம் ஒண்ணுபோல இருக்கா?"

"நடுவுல ஒரு பாகத்துல மட்டும் தூசி இல்ல மாமா."

"அப்ப கயித்துல ஒரு கனத்த கல்லக் கட்டி முன்னால வீசுதேன். என்ன ஆவுதுன்னு சொல்லு."

கல் விழுந்த இடத்தில் குழி வாயைத் திறந்தது. ஆழம் தெரியாத இடத்தில் ஆளுக்கு முன்னால் கல்லை இறக்குவது அண்ணனுக்குப் புத்தகம் படித்து வந்த யுக்தி அல்ல.

அடுத்த அறையில் ஒரு பெட்டி. இந்த முறை பையன் வேறு விதியைக் கையாண்டான். "பொறி இருக்கான்னு தேட, பகடை உருட்டுங்க மாமா." உருட்டினார். எண் சரியாக விழவில்லை. ஊசி குத்திப் பாத்திரம் செத்தது. அண்ணனுக்குக் கோபம்: "நான் எப்படித் தெறக்கேன்னு நீ கேக்கவே இல்லியேல. கத்தி நுனியாலதான நெம்பியிருப்பேன்? இதுக்குப் பகடை எதுக்கு?"

இந்த விளையாட்டுக்காரர்களுக்குள் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் விவாதத்தின் மையக் கேள்வியும் இதுதான். 1974 விதிகளில், பொறியைக் கடக்கும்போது ஆறுமுகப் பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் அது இயங்கும். ஆனால் அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் ஆடுபவர் கேட்கும் கேள்வியைப் பொறுத்த விஷயம். 1975இல் வந்த 'கிரேஹாக்' என்ற இணைப்பு நூல் திருடன் என்ற பாத்திரத்தைச் சேர்த்து, பொறியை அகற்றும் திறமைக்கு ஒரு சதவீதம் வைத்தது. 1981 அடிப்படை விதிகளில் முதல் படியில் நிற்கும் திருடன் பொறியைக் கண்டுபிடிக்க நூற்றுக்குப் பத்து வாய்ப்பு. கேள்வி இருந்த இடத்தில் எண் வந்து உட்கார்ந்துகொண்டது. பழைய பாணிக்காக வாதாடி மாத் ஃபின்ச் 2008இல் எழுதிய சிறு கையேடும் குழிப்பொறியை உதாரணம் காட்டித்தான் இந்த மாற்றத்தைப் பேசியது.

இதை நம் பரமபதத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் தாமிரபரணிக் கரையில் சற்று மேலே போனால் ஆழ்வார்திருநகரி. வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க அங்கே நண்பன் வீட்டில் பரமபதம் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். பாம்பின் வாய் எந்தக் கட்டத்தில் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன பண்ண? தாயக்கட்டைதானே முடிவு செய்கிறது. பாம்பு பாவம், ஏணி புண்ணியம் என்று அர்த்தம் வேறு சொல்லிவிடுகிறார்கள்; கட்டையை உருட்டியதைத் தவிர வேறொன்றும் செய்யாதவன் பாவியாகிறான். பரமபதத்தில் ஆபத்து கண்ணுக்குத் தெரியும், தப்பத் தெரிவு கிடையாது. பாதாள அறையில் ஆபத்து மறைந்திருக்கும், தெரிவு உண்டு. மனிதனை மதிப்பது இரண்டாவதுதான் என்பேன். கேள்வியின் இடத்தைப் பகடை பிடித்துக்கொள்ளும்போது பாதாள அறையும் பரமபதமாகிவிடுகிறது. அண்ணனின் கோபம் அதன்மேல்தான்.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் பழைய பாணிக்குக் கொடிபிடித்தவர்களாவோம். கைகாக்ஸ் 1975இல் ஒரு போட்டிக்காக எழுதி 1978இல் அச்சான 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' கல்லறையில், சுவரில் வாய் பிளந்த ஒரு பச்சைப் பிசாசு முகம். அந்த வாய்க்குள் நுழைந்தவன் இல்லாமலே போவான். தப்பிக்கப் பகடையும் கிடையாது. 'முதலில் சோதித்திருக்கணும்' என்பதே பதில். திறமையைக் கொண்டாடுகிற சொல்லாடல் இப்படித்தான் செத்தவனைக் குற்றவாளியாக்குகிறது. கடலுக்குப் போனவன் திரும்பாவிட்டால் கரையில் நிற்கிற ஒருத்தர் சொல்வார்: "காத்தப் பாக்காமப் போயிட்டான்." அந்தக் காற்றிலும் அவனைப் போகவைத்த முன்பணக் கடனைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. விதி என்று சொல்வதும் கவனமில்லை என்று சொல்வதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: பொறி வைத்தவனை மறைப்பது.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று: பொறி யாருடையது? எங்கள் பக்கத்துக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, 13ஆம் நூற்றாண்டின் முத்துக்குளிப்பையும் விவரிக்கிறார். ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு. குளிப்பவர்களைத் தாக்காதபடி பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. பகலில் கட்டிய கட்டை அவர்கள் ராத்திரியில் அவிழ்த்துவிடுவார்களாம். அனுமதியில்லாமல் யாரும் இறங்கி முத்தெடுக்கக் கூடாது அல்லவா? சுறா இங்கே இயற்கை ஆபத்து மட்டுமல்ல. முத்துப்பாருக்குப் போட்ட பூட்டு. கடல்கட்டி எனப்பட்ட இந்த மந்திரக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டிலும் இருந்தார்கள். அவர்கள் இல்லாமல் கத்தோலிக்கக் குளியாட்களும் இறங்கத் தயங்கினார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் இதை மூடநம்பிக்கை என்று எழுதிவைத்தார்கள். சொத்துரிமையின் காவல் ஏற்பாடு அது என்ற வாசிப்புக்கும் இடமிருக்கிறது.

அன்று ஆட்டம் முடிந்து எழும்போது அண்ணன் கேட்டார்: "அந்தப் பெட்டி யாருதுல?" பையன் புத்தகத்தைப் புரட்டினான். "அது போடல மாமா." அந்தப் பிரதியின் பெரிய மௌனம் இதுதான். யாருடைய கல்லறைக்குள் எந்த உரிமையில் நுழைகிறோம் என்பதை விட்டுவிட்டு, புதையலுக்கு மட்டும் பொற்காசுக் கணக்கு வைக்கிறது அது.

கடைசியாக ஆடுபுலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. பகடை இல்லை, ரகசிய வரைபடம் இல்லை. இங்கே பொறி வைப்பது ஆடுகள், அதுவும் புலி பார்த்துக்கொண்டிருக்கும்போதே. தனி ஆடு என்றால் புலி தாண்டிக் கொன்றுவிடும். அதன் பின்னால் இன்னொரு ஆடு வந்து நின்றுவிட்டால் தாண்ட முடியாது. ஆடுகள் தங்கள் உடம்பாலேயே கட்டும் பொறி இது.

தோல்வியைப் பரமபதமாகப் பேசவும், தோழர்களைப் பாதாள அறைச் சாமர்த்தியசாலிகளாகப் பழக்கவும் நம் இயக்கங்களுக்கு நன்றாகவே தெரியும். பின்னால் வந்து நிற்கும் அந்த இரண்டாவது ஆட்டைப் பற்றித்தான் நாம் இன்னும் சரியாக எழுதவில்லை.