தாழியில் ஓர் இடம்

புதுச்சேரி பாப்பம்மாள் கோயில் இடுகாட்டில் பாரதிதாசன் அடக்கமாகியிருக்கிறார். 1964 ஏப்ரல் 21 அன்று சென்னையில் இறந்தவரின் உடலை இங்கே கொண்டுவந்தார்கள். இடுகாட்டின் பெயரில் ஒரு பெண் இருக்கிறாள். ஆனால், சவ ஊர்வலத்தில் பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும் என்பதே எங்கள் அரியாங்குப்பத்து வழக்கம். விதவை மறுமணத்துக்காகப் பாடிய கவிஞரின் கல்லறையும் அந்தத் தெருமுனைக்கு அப்பால்தான் இருக்கிறது.

அவருடைய ‘பிசிராந்தையார்’ நாடகம் 1969இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வடக்கிருந்து உயிர்விட்ட கோப்பெருஞ்சோழனோடு சாக வந்த நண்பரின் கதை அது. அதே சோழனின் நடுகல்லருகே பொத்தியாரும் இடம் கேட்பதைப் புறநானூறு சொல்கிறது. மகன் பிறந்தபின் வா என்று மன்னன் முன்பு அவரைத் திருப்பி அனுப்பியிருந்தான். வீட்டில் கருவுற்றிருந்த மனைவிக்கு மட்டும் பெயரில்லை.

புறநானூற்று 256ஆம் பாட்டில் கணவனை இழந்த ஒருத்தி குயவரிடம் பேசுகிறாள். தனக்கும் இடமிருக்கும்படி ஈமத்தாழியை அகலமாக வனையச் சொல்கிறாள். பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. சாவில் இடம் கேட்டால் ஆணுக்கு அது நட்பு, பெண்ணுக்குக் கற்பு என்றே வகுப்பறைகளில் கற்பிக்கிறோம். அவளோ கற்பைப் பேசவில்லை. அவனோடு சுரம் பல கடந்து வந்ததைத்தான் சொல்கிறாள். அது வழித்துணையின் உரிமைக் குரலாகவே எனக்குக் கேட்கிறது.

மாணவிகள் அந்தத் தெருமுனையைக் கடந்துபோய், பாவேந்தர் கல்லறையருகே நின்று இந்தப் பாட்டை உரக்க வாசிக்க வேண்டும்.