மூடா: வயது ஒரு கொள்கையா?

மலாயில் 'மூடா' என்றால் இளமை. தமிழில் ஒருத்தனை அப்படிக் கூப்பிட்டால் சண்டைதான் வரும். 2020இல் சைட் சாடிக் தொடங்கிய கட்சியை எங்கள் கிள்ளான் பசங்க இப்படித்தான் கிண்டலடித்தார்கள். கிண்டல் இருக்கட்டும். என் கேள்வி வேறு: வயது மட்டும் ஒரு கட்சிக்குக் கொள்கையாகுமா?

வாக்குரிமை வயதை 21இலிருந்து 18 ஆக்கும் திருத்தத்தை 2019இல் மக்களவை எதிர்ப்பே இல்லாமல் நிறைவேற்றியது. சாடிக் அன்று இளைஞர் அமைச்சர். ஆனால் அதற்கு முன்பே தர்மா பிள்ளை போன்றவர்கள் 'உண்டி18' இயக்கத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்டது தெளிவாக இருந்தது. கிடைத்தது.

அந்தத் தெளிவை மூடாவிடம் நான் பார்க்கவில்லை. 2022 பொதுத்தேர்தலில் மூவார் மட்டுமே கிடைத்தது. 2023 மாநிலத் தேர்தல்களில் நின்ற 19 தொகுதிகளிலும் தோல்வி. இனம் பார்க்காத கட்சி என்பது நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸ் கொண்டோவில் இருக்கும் 25 வயதுக்காரனும், கிள்ளானில் சிவப்பு ஐசியோடு அலையும் 25 வயதுக்காரனும் ஒரே 'இளைஞர்' இல்லை. இரண்டாமவனுக்கு ஓட்டே கிடையாது. 18 ஆனால் என்ன, 21 ஆனால் என்ன?

இன்னொரு இளைஞர் கட்சி வரட்டும். அவனுக்காக என்ன கேட்கப்போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் நான் ஓட்டுப் போடுவேன்.