காடும் அனுமதிப் பத்திரமும்: லெனாட் வூல்ஃபின் நாவல் பற்றிய ஒரு மறுநோக்கு

‘த விலேஜ் இன் த ஜங்கிள்’ (1913) என்னும் ஆங்கில நாவல் தமிழ் விமரிசகர்களிடையே உரிய கவனத்தைப் பெற்றதென்று கூறுவதற்கில்லை. அன்னியர் ஒருவர் அன்னிய மொழியில் எழுதியமையும், தென்னிலங்கைச் சிங்களக் கிராமமொன்றைக் களமாகக் கொண்டமையும் இதற்குக் காரணங்களாகலாம். ஆயினும், காடுகளையும் காட்டுயிர்களின் வாழ்விடங்களையும் பேணுவது பற்றிய விவாதம் நம் நாட்டில் கூர்மையடைந்துள்ள இவ்வேளையில் அந்நாவலை மீளப் படிப்பது பயனுடையது என்பது எனது கருத்து. காட்டைக் காக்க வேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. யாரிடமிருந்து, யாருக்காக, யாருடைய கையெழுத்தின் பேரில் காப்பது என்பதிலேயே பிணக்கு எழுகின்றது. ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இந்நாவல் அப்பிணக்கின் மையத்தைத் தொட்டுவிட்டது; தொட்டதை முற்றாக உணர்ந்ததா என்பது வேறு வினா.

நாவலாசிரியரின் உத்தியோகத்தை முதலில் நோக்குதல் வேண்டும். லெனாட் வூல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டை மாவட்டத்தின் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றியவர். வரி அறவிடுதல், சேனைப் பயிர்ச்செய்கைக்கு அனுமதி வழங்குதல், நீதவானாக வழக்குகளை விசாரித்தல் யாவும் அவர் பொறுப்பிலேயே இருந்தன. 1900ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்ட யால விலங்குச் சரணாலயமும் அம்மாவட்டத்திலேயே இருந்தது. அச்சரணாலயத்தின் முதற் காவலராக அமைந்தவர் எங்கெல்பிரெக்ற் என்னும் போவர்; தென்னாபிரிக்கப் போரில் சிறைபிடிக்கப்பட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர். ஏகாதிபத்தியம் ஒரு கண்டத்திலே சிறைப்படுத்திய மனிதனை இன்னொரு நாட்டின் காட்டுக்குக் காவலனாக்கிய இச்செய்தி தனியே ஒரு நாவலுக்குரியது.

இலங்கையில் விலங்குப் பாதுகாப்பு இயக்கம் எங்கிருந்து தோன்றியது என்பதும் மறக்கத்தக்கதன்று. 1894இல் அமைக்கப்பட்ட வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடக்கியவர்கள் வேட்டைப் பிரியர்களான ஐரோப்பியத் தோட்டத்துரைமாரும் உத்தியோகத்தருமே. அவர்களுக்கு அரை நூற்றாண்டு முன்னர், 1845இல் இடிவிழுந்து இறந்த மேஜர் றொஜேர்ஸ் என்பவர் 1400 யானைகள் வரையிற் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. சுடுவதற்கு விலங்கு அருகியபோது சங்கம் பிறந்தது. அச்சங்கத்தின் வழிவந்த பணிகளால் நன்மை விளையவில்லை என நான் கூறவரவில்லை. யாலவும் வில்பத்துவும் 1938இல் தேசிய வனங்களானமையை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் துரை சுட்டால் விளையாட்டு, கிராமத்தான் சுட்டால் களவு என்ற பாகுபாடு அதன் பிறப்போடு வந்தது.

சட்டமும் அவ்வாறே. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலமனைத்தும், மாறாக நிரூபிக்கப்படும் வரையில், முடிக்குரியதென்று கொண்டது. சேனை செய்பவன் ஒரு முறை வெட்டி எரித்துப் பயிரிட்டபின் நிலத்தைப் பல ஆண்டுகள் காடாகவே விடுபவன். அவ்வாறு விடப்பட்ட நிலம் சட்டத்தின் கண்ணுக்குத் தரிசு. மலைநாட்டுக் காடுகள் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் பெருமளவில் அழிக்கப்பட்ட அதே காலத்தில், காட்டின் எதிரி சேனைக்காரனே என்ற கருத்தும் நிருவாகத்தினரிடையே வேரூன்றியது.

இப்பின்னணியில் நாவலுக்கு வருவோம். பெத்தேகம என்னும் சிற்றூரில் வாழும் சிலிந்து ஒரு வேட்டைக்காரன். அரைப்பைத்தியம் என ஊராராற் கருதப்படுபவன். புஞ்சி மெனிக்கா, ஹின்னிஹாமி என்னும் இரட்டைப் பெண்களுக்குத் தந்தை. கிராமத்தலைவன் பபேஹாமியின் பகையும், பட்டினத்திலிருந்து வந்து சேரும் வட்டிக்காரன் பெர்னாண்டோவின் ஆசையும் அக்குடும்பத்தைச் சூழ்கின்றன. பொய்க்களவு வழக்கொன்றில் புஞ்சி மெனிக்காவின் கணவன் பபுன் சிறை செல்கிறான். சிலிந்து துப்பாக்கியை எடுத்து இருவரையும் கொன்று தானே சரணடைகிறான். பபுன் சிறையில் இறக்க, ஊர் வீடு வீடாக வெறுமையாகிறது. இறுதியில் புஞ்சி மெனிக்கா மாத்திரம் எஞ்ச, காடு குடிசை வாசலுக்கு வந்து சேருகிறது.

நாவலின் தொடக்கமும் முடிவும் காடு பற்றியவை. காடு கொடியது, பசியுடையது, மனிதனை நெரிப்பது என்ற உணர்வை வூல்ஃப் மிகுந்த ஆற்றலோடு எழுப்புகிறார். இதனால் இயற்கைக்கும் மனிதனுக்குமிடையிலான போராட்டத்தின் அவலமாக இந்நாவலைக் கொள்ளும் வாசிப்பு எளிதில் உருவாகிவிடுகிறது. நான் இதற்கு உடன்படேன். கதை நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து செல்வோர், சிலிந்துவின் குடும்பத்தை அழிப்பது காடன்று என்பதைக் காண்பர். சேனைக்கு அனுமதி தராது மறுக்கும் அதிகாரம் பபேஹாமியிடம் இருக்கிறது. அனுமதி இன்றேல் விளைச்சல் இல்லை; விளைச்சல் இன்றேல் கடன்; கடன் வந்தால் அடுத்த போகத்தின் பெரும்பங்கு வட்டிக்காரனுக்கு. துப்பாக்கிக்கு அனுமதி இல்லாமையும், அனுமதியின்றிச் சேனை வெட்டியமையும் எந்நேரமும் தலைவன் கையிலுள்ள ஆயுதங்கள். அதாவது, சட்டம் கிராமத்தவன் ஒவ்வொருவனையும் முன்கூட்டியே குற்றவாளியாக்கி வைக்கிறது. எவன் மீது, எப்போது குற்றம் சுமத்துவது என்பதைத் தலைவன் தீர்மானிக்கிறான். காட்டைக் காக்கும் பெயரில் எழுதப்பட்ட விதி காட்டைக் காக்கவில்லை, பபேஹாமியைக் காத்தது.

காடோ சிலிந்துவுக்கு உணவு தந்தது. தன் பெண்களுக்கு அவன் சொல்லும் கதைகளெல்லாம் காட்டு விலங்குகளின் கதைகளே. கொலைக்குப் பின் தன் செயலை விளக்குமிடத்தும், நெடுங்காலம் துரத்தப்பட்டுக் காயமுற்றுத் திரும்பிப் பாயும் எருமையொன்றையே அவன் உவமையாகக் கொள்கிறான். தன்னைத் துரத்தியவர்களை வேட்டைக்காரராகவும் தன்னை விலங்காகவும் அவன் காண்பது நாவலின் மிக ஆழமான இடம். ஆசிரியரின் வருணனை காட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. அவருடைய கதாபாத்திரம் அக்குற்றச்சாட்டை மறுக்கிறது. இம்முரண்பாடு எவ்வாறு நேர்ந்தது? வெள்ளைக்கார நீதவானின் பாத்திரத்தைக் கூர்ந்து நோக்கின் விடை கிடைக்கும். அவர் நல்லவர், ஐயமும் இரக்கமும் உடையவர். ஆயினும் அவரது நன்மையால் எதுவும் மாறவில்லை. இது வூல்ஃப் தம்மையே வரைந்த சித்திரம் எனக் கொள்வது தவறாகாது. தாமே ஓர் உறுப்பாயிருந்த அமைப்பின் கொடுமையை நிகழ்ச்சிகளில் நேர்மையாகப் பதிவு செய்தவர், அதன் முழுப் பொறுப்பையும் அமைப்பின் மீது சுமத்த அக்கட்டத்தில் இயலாதவராய், காட்டின் மீது பகிர்ந்துவிட்டார். பிற்காலத்தில் ஏகாதிபத்திய எதிர்ப்பாளராக அவர் எழுதியவற்றோடு ஒப்பிட்டு நோக்கின், இந்நாவல் பாதி வழியில் நிற்கும் மனச்சாட்சியின் ஆவணம்.

இன்று விலங்கியலாளர் கண்டறிந்துள்ள உண்மைகள் சிலிந்துவின் பக்கமே நிற்கின்றன என்பது வியப்புக்குரியது. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானைகள் நடமாடுகின்றன என்றும், அப்பரப்பில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கின்றனர் என்றும் பிரித்திவிராஜ் பெர்னாண்டோவும் அவருடன் பணியாற்றுவோரும் காட்டியுள்ளனர். தென்கிழக்கு வரண்ட வலயத்தில் சேனை நிலங்கள் யானைக்குப் பகையல்ல. மழைக்காலத்தில் மனிதன் பயிரிடுவான், அறுவடைக்குப்பின் வரட்சிக்காலத்தில் அதே நிலத்தில் யானை மேயும். முதிர்ந்த காட்டைவிட, வெட்டி விடப்பட்டு மீண்டும் தழைக்கும் புதர்க்காட்டிலேயே யானைக்கு உணவு மிகுதி. யானைகளைத் துரத்தி யால போன்ற வனங்களுக்குள் மின்வேலியிட்டு அடைத்தபோது அவை இரையின்றி மெலிந்தன. மனிதனுக்கு ஓரிடம், விலங்குக்கு ஓரிடம் என வரைபடத்தில் கோடிழுக்கும் சிந்தனை அம்பாந்தோட்டையின் மண்ணுக்குப் பொருந்தவில்லை. சேனையை நிரந்தரப் பயிர்நிலமாகவோ கைத்தொழில் வலயமாகவோ மாற்றும்போதுதான் யானையும் மனிதனும் ஒருவரையொருவர் கொல்லும் நிலை தோன்றுகிறது. 2019இல் மாத்திரம் இந்நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. அம்மோதலில் 100க்கு மேற்பட்ட மனிதரும் உயிரிழந்தனர். மூடிய காடு 1956இல் நிலப்பரப்பின் ஏறத்தாழ 44 வீதமாயிருந்து 1990களின் தொடக்கத்தில் 24 வீதமளவுக்குக் குறைந்தமைக்குச் சேனைக்காரனை மட்டும் காரணங்காட்டுவோர், கல்லோயா முதல் மகாவலி வரையிலான பெருந்திட்டங்களை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

நமது தமிழ் நாவல்கள் இவ்விடயத்தில் எங்கு நிற்கின்றன? பட்டினப்பாலை காடழித்தமையைக் கரிகாலனின் புகழாகக் கூறிய காலந்தொட்டு, காடு வெட்டுதல் நம்மிடையே ஆக்கச் செயலாகவே போற்றப்பட்டு வந்திருக்கிறது. 1973இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ அம்மரபிலேயே வருகிறது. தண்ணிமுறிப்பில் தன் உழைப்பால் காட்டை வயலாக்கும் கதிராமன் வன்னி விவசாயியின் சிறந்த இலக்கிய வடிவங்களுள் ஒருவன். வூல்ஃபிடம் காணப்படாத உழைப்பின் மகிழ்ச்சி அங்கே உண்டு. ஆனால் அந்நாவலை மண்வாசனைக்காக மெச்சிய நமது விமரிசனம், அந்த மண் யாருடைய பதிவேட்டில் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்கவில்லை. இக்கட்டுரையாளனும் அக்குறைக்கு விலக்கல்லன். தண்ணிமுறிப்பு மக்கள் 1984இல் வெளியேற நேர்ந்தது. கைவிடப்பட்ட வயலில் காடு வளரும். வளர்ந்த காடு அரசுக்குரியது.

இவ்வினா முசலியில் மிகக் கொடிய வடிவத்தை எடுத்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதியினரும் அடங்குவர். இருபதாண்டுகளில் அவர்களது நிலங்கள் பலவற்றை மரங்கள் மூடின. 2012இல் அப்பகுதிகள் வர்த்தமானி மூலம் ஒதுக்கக் காடாகப் பிரகடனம் செய்யப்பட்டன. மீள வந்தவர்கள் வில்பத்துவை அழிப்போர் என்று தென்னிலங்கைப் பத்திரிகைகளிற் பெயர் பெற்றனர். அரசியல் செல்வாக்கின் துணையோடு அங்கு காடு வெட்டப்பட்டதும் உண்மையே. அவ்வாறு வெட்டியது சட்டவிரோதம் என 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும், அழிந்த காட்டை மீள நடுமாறு பணித்ததையும் குறைகூறுவது என் நோக்கமன்று. வில்பத்துவை அண்டிய காடு யானைக்கும் கரடிக்கும் வேண்டியது. ஆனால் அகதி முகாமில் பிறந்த ஒருவன் தந்தையின் கிணற்றைத் தேடி வரும்போது அத்துமீறுபவன் ஆவது எப்படி என்பதையும், அமைச்சர் தயவால் வந்தவனையும் அவனையும் ஒரே சொல்லால் சுட்டுவது யாருக்கு உதவுகிறது என்பதையும் பேசாத வனப்பாதுகாப்பு, பபேஹாமியின் அனுமதிப் பத்திரத்தையே நினைவூட்டுகிறது. வூல்ஃபின் நாவலில் காடு கொடியது, கிராமத்தான் பாவம். இன்றைய பத்திரிகை எழுத்தில் காடு புனிதமானது, கிராமத்தான் கொடியவன். இடையே நின்று கையெழுத்திடுபவன் இரண்டிலும் பெரும்பாலும் வெளிச்சத்துக்கு வருவதில்லை. அதே மறிச்சுக்கட்டிக் கடற்கரையில்தான் 1906ஆம் ஆண்டு முத்துக்குளிப்பின்போது இளம் உத்தியோகத்தரான வூல்ஃப் கடமையாற்றினார் என்பதை இங்கு குறிப்பிடாதிருக்க இயலவில்லை.

அம்பாந்தோட்டையிலிருந்து அண்மையில் வந்த செய்தியொன்று இவ்விரு எழுத்துக்களுக்கும் அடங்காதது. 2021இன் தொடக்கத்தில் சூரியவெவப் பகுதி விவசாயிகள் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தனர். நிலம் கேட்டு அன்று, நட்டஈடு கேட்டும் அன்று. நீண்டகாலம் வாக்களிக்கப்பட்டிருந்த யானை முகாமைத்துவ ஒதுக்கத்தை வர்த்தமானியில் வெளியிடுமாறு கேட்டு. யானைகளுக்குரிய காடு வெளியார் கைக்குப் போகப் போக, இடமிழந்த யானைகள் தங்கள் வயலுக்கு வருகின்றன என்பது அவர்களது வாதம். வாரக்கணக்கில் வெயிலில் இருந்தார்கள். அவ்வாண்டிலேயே ஒதுக்கம் பிரகடனம் செய்யப்பட்டது. வூல்ஃப் ஒரு காலத்தில் சேனை அனுமதிகளில் ஒப்பமிட்ட அதே மாவட்டத்தில், கிராமத்தவர்களே அரசிடம் ஒரு கையெழுத்தைக் கேட்டு வாங்கியிருக்கின்றனர். வர்த்தமானியில் வரையப்பட்ட எல்லைக்குள் நிலம் பிடித்தவர்கள் வெளியேறுவார்களா என்பதை அவ்விவசாயிகள் இன்னும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.