சித்தப்பா கட்டிப் பிடித்த தூண்

சென்ற மாதம் ஒரு காதுகுத்துக்காக கொண்டப்பநாயக்கன்பட்டி போயிருந்தேன். சேலத்திலிருந்து ஏற்காடு போகிற பக்கம், சேர்வராயன் மலை கண்ணுக்கு எதிரே நிற்கும் ஊர். நான் பையனாக இருந்தபோது அது தனி ஊர். இப்போது சேலம் நடந்து நடந்து வந்து அதை ஒட்டிக்கொண்டுவிட்டது.

சாப்பாடு முடிந்து சித்தி வீட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்தேன். சித்தியின் பேரன், என்ஜினீயரிங் இரண்டாம் வருஷம், செல்போனை நீட்டினான்.

"பெரியப்பா, இதப் பாருங்க. நூத்தி அறுபது வருஷத்துக்கு முந்தின டெல்லி. செமயா இருக்கு!"

யாரோ தொகுத்து, பின்னணியில் ஷெனாய் ஓடவிட்டு, வாட்ஸ்அப்பில் சுற்றவிட்ட வீடியோ. செங்கோட்டை, ஜும்மா மசூதி, காஷ்மீர் வாசல், குதுப் மினார் எல்லாம் பழுப்பேறிய பழைய புகைப்படங்களாக ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. குப்பை இல்லை, கரண்ட் ஒயர் இல்லை, ஆட்டோ இல்லை, ஆளும் இல்லை. கடைசியில் பெரிய எழுத்தில் ஒரு வரி: 'எவ்வளவு அமைதியான நகரம்!'

படங்கள் பிரமாதம். அந்தக் கடைசி வரியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. தெருவில் ஏன் ஆளில்லை என்று அவன் கேட்கவில்லை. பழைய போட்டோ பார்க்கும்போது நாமும் பெரும்பாலும் கேட்பதில்லை.

அந்தப் படங்களில் பல, ஃபெலிச்சே பியாட்டோ எடுத்தவை. வெனிஸில் பிறந்து பிரிட்டிஷ் பிரஜையாக இருந்தவர். கிரிமியா யுத்தத்தைப் படமெடுத்த அனுபவத்தோடு, 1858 தொடக்கத்தில் கல்கத்தாவில் வந்து இறங்கினார். சிப்பாய்க் கலகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதன் சூடு ஆறுவதற்குள் லக்னோ, டெல்லி என்று காமிராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1857 செப்டம்பரில், பிரிட்டிஷ் படை டெல்லியைத் திரும்பப் பிடித்திருந்தது. பகதூர் ஷா ஜாபர் ஹுமாயூன் சமாதியில் சரணடைந்தார். பிற்பாடு ரங்கூனுக்கு அனுப்பப்பட்டு, 1862ல் அங்கேயே இறந்தார். ராஜா கதை நமக்குத் தெரியும். ஊர் ஜனங்கள் கதி? கோட்டைச் சுவருக்குள் குடியிருந்தவர்களை வெளியே துரத்திவிட்டார்கள். இந்துக்களை 1858ல் மெதுவாகத் திரும்பி வர விட்டார்கள். முஸ்லிம்கள் இன்னும் நெடுநாள் காத்திருக்க வேண்டியிருந்தது. கவிஞர் காலிப் அந்த நகரத்திலேயே இருந்து, தெரிந்த தெருக்களும் வீடுகளும் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைக் கடிதம் கடிதமாக எழுதித் தீர்த்தார்.

ஆக, படத்தில் நாம் பார்க்கிற 'அமைதி' துரத்தப்பட்டவர்களின் காலி இடம்.

நியாயமாக இன்னொரு காரணமும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்து மருந்து தடவிய கண்ணாடித் தகட்டில் ஒரு படம் விழ ரொம்ப நேரம் ஆகும். நடந்து போகிறவன் படத்தில் விழாமலே போய்விடுவான். காலி வீதிக்குப் பாதிக் காரணம் கெமிஸ்ட்ரிதான். ஆனால் கெமிஸ்ட்ரிக்கும் பீரங்கிக்கும் விளைவு ஒரே மாதிரி இருப்பதால்தான் நாம் ஏமாந்து போகிறோம்.

பியாட்டோ சாமர்த்தியமான ஆசாமி, சந்தேகமே வேண்டாம். ஜும்மா மசூதி மேலிருந்து துண்டு துண்டாக எடுத்து ஒட்டிய டெல்லி அகலப்படத்தில் மொட்டைமாடி மொட்டைமாடியாக நகரம் விரிகிறது. எங்கே நின்றால் கட்டடம் கம்பீரமாகத் தெரியும் என்பது அவருக்கு அத்துப்படி. எனக்கு அவரிடம் உள்ள தகராறு வேறு.

லக்னோவில் சிக்கந்தர் பாக் என்ற மாளிகை. 1857 நவம்பரில் அங்கே சுமார் 2,000 இந்தியச் சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பியாட்டோ போனது சில மாதம் கழித்து. அவர் எடுத்த படத்தில், உடைந்த மாளிகைக்கு முன்னால் எலும்புகள் இறைந்து கிடக்கின்றன. படத்துக்காகவே அவற்றை வெளியே எடுத்துப் போடச் செய்திருப்பார் என்று அப்போது அங்கிருந்த ஆங்கில அதிகாரி ஒருவரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். படத்தை வாங்கப்போகிறவர்கள் ஜெயித்தவர்கள். அவர்களுக்கு எது பிடிக்கும் என்று பியாட்டோவுக்குத் தெரிந்திருந்தது. கட்டடம் அழகாக விழ வேண்டும் என்பதில் காட்டிய அக்கறையை, அதில் இருந்தவர்கள் யார் என்பதில் அவர் காட்டவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு படம் இருக்கிறது, ஓவியம். 1846ல் மஜர் அலி கான் என்ற டெல்லி ஓவியர், செங்கோட்டையின் லாகூரி வாசல் உச்சியில் உட்கார்ந்து, சுற்றிலும் தெரிந்த நகரத்தைக் கிட்டத்தட்ட 5 மீட்டர் நீளத்துக்கு வரைந்தார். இப்போது லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. அரண்மனை மட்டுமில்லாமல் சின்ன முற்றம், தோட்டம், சாதாரண வீட்டுக் கூரை எல்லாவற்றையும் பொறுமையாகப் போட்டிருக்கிறார். அடுத்த ஆண்டே சையத் அகமது கான், டெல்லிக் கட்டடங்களைப் பற்றி 'ஆசாருஸ் சனாதீத்' என்ற உருதுப் புத்தகத்தைப் படங்களோடு கொண்டு வந்தார். பத்து வருஷத்தில் பிரளயம் வரப்போகிறது என்று இருவருக்கும் தெரியாது. ஊரின் மேல் இருந்த பிரியத்தில் செய்து வைத்தார்கள். படத்தின் வேகத்துக்கு பியாட்டோவைப் பார்க்கலாம். டெல்லி என்ற ஊர் எப்படி இருந்தது என்று கேட்டால், என் ஓட்டு மஜர் அலி கானுக்கு.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. செங்கோட்டைக்குள் இருந்த கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துத் தள்ளிவிட்டு ராணுவத்துக்கு பாரக்ஸ் கட்டினார்கள். டூரிஸ்டாகப் போய் நாம் படமெடுத்துக்கொள்கிறோமே அழகான புல்தரை, அதில் பல இடங்கள் மண்டபம் சூழ்ந்த முற்றங்களாக இருந்தவை. ஜும்மா மசூதியையே இடித்துவிடலாம் என்று ஒரு யோசனை இருந்தது. நல்லவேளை, 1862ல் திருப்பிக் கொடுத்தார்கள். அக்பராபாதி மசூதிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, தரைமட்டம். 2012ல் மெட்ரோ வேலைக்காக சுபாஷ் பூங்காவில் தோண்டியபோது பழைய சுவர் வெளிப்பட, அது அந்த மசூதியாக இருக்குமோ என்று பேச்சு கிளம்பியது.

கோட்டையில் வெள்ளைக்காரப் படைக்குப் பின் நம் ராணுவமும் 2003 வரை இருந்தது. 2007ல் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டை சேர்ந்தது. அரண்மனையை இடித்துக் கட்டிய பாரக்ஸ் கட்டடங்களில் இப்போது மியூசியம் நடக்கிறது. 'மிஞ்சிய கட்டடக்கலை' என்று சொல்லும்போது இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மிஞ்சியதெல்லாம் சிறந்தது என்று அர்த்தம் இல்லை. யாருக்கோ உபயோகப்பட்டது, அதனால் மிஞ்சியது.

இவ்வளவையும் பேரனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நம்ம ஊர்ப் பக்கத்தை அப்ப யாரும் போட்டோ எடுக்கலையா?" என்றான்.

எடுத்திருக்கிறார்கள். அதே 1857, 58ல் மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் என்று சுற்றினார். அவர் வெளியிட்ட தொகுதிகளில் ஒன்று ராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவின் வேறு சில இடங்களும். ராயக்கோட்டை இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில். இவர் படங்களிலும் ஆட்கள் குறைவுதான். ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலில் இவர் ஒரு காரியம் செய்தார். விமானத்தின் அடியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடி நீளத்துக்குச் சுருளாக்கினார். கோயிலின் அழகைக் காட்டுவதைவிட, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வைக்க எடுத்த படம் அது. அடுத்து வந்த கவர்னர் டிரெவெலியன், போட்டோ எடுப்பதெல்லாம் வீண் செலவு என்று மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்.

இதற்குள் சித்தி உள்ளே போய் ஒரு ஆல்பத்தோடு வந்தார். "டெல்லி டெல்லின்னு பேசிட்டிருக்கீங்க. நாங்களும்தான் போனோம் கண்ணு."

சித்தப்பா ரயில்வேயில் இருந்தவர். காலமாகி பத்து வருஷம் ஆகிறது. 1973ல் பாஸ் எடுத்து இரண்டு பேரும் டெல்லி பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். கறுப்பு அட்டையில் மூன்று சின்னப் படங்கள்.

முதல் படத்தில் சித்தப்பா குதுப் வளாகத்து இரும்புத் தூணுக்கு முதுகைக் கொடுத்து நின்று, கைகளைப் பின்னால் கொண்டுபோய்த் தூணைக் கட்டிப் பிடிக்கப் பார்க்கிறார். விரல்கள் தொட்டுக்கொண்டால் அதிர்ஷ்டம் என்று ஒரு நம்பிக்கை. முகத்தைப் பார்த்தால் தொடவில்லை என்று தெரிகிறது. இரண்டாவதில் குதுப் மினாரின் முதல் மாடத்தில் சித்தியும் அவரும், காற்றில் புடவைத் தலைப்பு பறக்க. மூன்றாவதில் யாரிடமோ இரவல் வாங்கிய ஸ்வெட்டரில் சித்தி. பின்னால் முக்கோணம் முக்கோணமாக கான்கிரீட் சட்டங்கள் எழும்பி நிற்கும் பிரம்மாண்டமான கட்டடம்.

மூன்றையும் மறுபடி மறுபடி பார்த்தேன். இந்த மூன்றில் எதையும் இன்று எடுக்க முடியாது.

தூணைச் சுற்றி 1997ல் வேலி போட்டுவிட்டார்கள். கோடிக் கணக்கான கைகள் தேய்த்தால் ஆயிரத்தைந்நூறு வருஷத்து இரும்பும் பாவம்தானே. குதுப் மினார் படிக்கட்டு 1981 டிசம்பரோடு சரி. உள்ளே விளக்கு அணைந்து நெரிசலில் 45 பேர், அதிகமும் பள்ளிப் பிள்ளைகள், இறந்துபோனார்கள். அதற்குப் பின் யாரையும் மேலே விடுவதில்லை.

அந்தக் கான்கிரீட் கட்டடம் பிரகதி மைதானத்து ஹால் ஆஃப் நேஷன்ஸ். ராஜ் ரேவல் வடிவமைத்து, மகேந்திர ராஜ் என்ஜினீயராக இருந்து, 'ஏஷியா 72' கண்காட்சிக்காகக் கட்டியது. சுதந்திர இந்தியா உலகத்துக்குக் காட்டிய கட்டடம். மேலைநாடுகளில் இரும்பில் செய்வதை, இங்கே கூலியாட்களின் கையை நம்பி கான்கிரீட்டில் செய்தார்கள். 2017 ஏப்ரலில் ஒரு ராத்திரியில் இடித்துவிட்டார்கள். பாரம்பரியக் கட்டடம் என்று சொல்ல அதற்கு வயசு பத்தாது, 60 ஆண்டு ஆகவில்லை என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இந்தத் தடவை இடித்தவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை.

ஹால் ஆஃப் நேஷன்ஸுக்கு மதன் மஹட்டா எடுத்த நல்ல புகைப்படங்கள் இருக்கின்றன. 1950களிலிருந்து முப்பது வருஷம் புது டெல்லிக் கட்டடங்கள் எழும்ப எழும்பப் படமெடுத்தவர். 2012ல் அவற்றைக் கண்காட்சியாக வைத்தபோதுதான், இவ்வளவு நல்ல கட்டடங்கள் நம்மிடம் இருக்கின்றனவா என்று பலர் விழித்துக்கொண்டார்கள். விழித்தும் பிரயோஜனம் இல்லாமல் போனது.

"அந்தக் கட்டடம் ஞாபகம் இருக்கா சித்தி?" என்றேன்.

"உள்ள ஒரு தூணு கிடையாது கண்ணு. அது எப்படி நிக்குதுன்னு உங்க சித்தப்பா ரயில்ல திரும்பி வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே வந்தாரு. எனக்குக் குளுருதான் ஞாபகம்."

மஹட்டாவின் படத்தில் அந்தக் கட்டடம் எப்படி நின்றது என்று தெரிகிறது. அது என்ன செய்தது என்பது சித்தியிடம் இருந்தது: ஒரு ரயில்வே ஊழியரைச் சேலம் வரைக்கும் யோசிக்க வைத்தது. பியாட்டோவின் படங்களில் இப்படி யாருடைய சித்தப்பாவும் இல்லை. அவருடைய திறமைக்கு முன் இந்த மூன்று படங்களும் நிற்காது. சித்தப்பாவின் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. இரண்டாவது படம் கோணல். ஆனாலும் ஒரு நகரத்தின் பழைய படங்கள் என்று தொகுப்பு போடுகிறவர்கள் இந்த மாதிரி ஆல்பங்களைத் தேடிப் போகாவிட்டால், நமக்குக் கிடைப்பது கட்டடங்களின் பட்டியல்தான்.

பேரன் திண்ணைத் தூணில் சாய்ந்து யோசித்துக்கொண்டிருந்தான். அந்த ஓட்டு வீட்டை வருகிற தை மாதம் இடித்துவிட்டு, கீழே கார் நிறுத்த இடத்தோடு மாடி வீடு கட்டப்போகிறார்கள். அதை நான் குறை சொல்ல முடியாது. மழைக்கு ஒழுகுகிற வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். 'ஏன் இடிக்கிறீர்கள்' என்று கேட்க எனக்கு வாடகை பாக்கிகூட கிடையாது.

"இந்த வீட்டை எத்தனை போட்டோ எடுத்திருக்கே?" என்று கேட்டேன்.

செல்போனில் தேடினான். நாலாயிரத்துச் சொச்சம் படம் இருந்தது. நண்பர்கள், பைக், பிரியாணி, செல்ஃபி. வீடு எங்கேயும் இல்லை. ஒரு செல்ஃபியில் மட்டும் அவன் காதுக்குப் பின்னால் நிலைக்கதவின் ஓரம் தெரிந்தது.

எழுந்து போய் எடுக்க ஆரம்பித்தான். புகை படிந்த அடுப்படிச் சுவர், கொல்லைப்புற ஆட்டுக்கல், பிள்ளைகளின் உயரத்தை வருஷாவருஷம் கரியால் கோடு போட்ட கதவு. கதவில் மூன்றாவது கோடு நான்தான் என்று காட்டினேன். கடைசியாகத் தெருவில் இறங்கி, முகப்பு முழுவதும் விழுகிற மாதிரி தூரத்தில் போய் நின்றுகொண்டு, "பாட்டி, கொஞ்சம் தள்ளுங்க, வீடு மறைக்குது" என்றான்.

சித்திக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆளில்லாத வீட்டை எதுக்குடா போட்டோ புடிக்கிற? இரு, புடவை மாத்திட்டு வர்றேன்."